மஞ்சள் விளக்கு எரிந்த மூன்றாவது பெட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். இரண்டு தடவை நோட்டை எடுத்து உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டதோடு மூடி வைத்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் தயங்கியது எழுத்துப் பிழைக்குப் பயந்து மட்டும் இல்லை.

அப்போது அபிராமபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். கூட்டுவது, துடைப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது, தண்ணீர் கொடுப்பது, எல்லாம் என் வேலைதான். வீடு மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனம். காலையில் குளித்து, அம்பாளை வெளிவாசலில் நின்றாவது கும்பிட்டுவிட்டு, லஸ் வழியாக நடந்தே போய்விடுவேன். ஏழு மணிக்கு ஷட்டர் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன்.

அந்த சென்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில்தான் சர்வர் இருந்தது. வருகிற ஜனங்களுக்கு எடுக்கிற படம் எல்லாம் அதற்குள்தான் சேரும் என்று சொல்வார்கள். ராத்திரி பகல் ஏசி ஓடும். உள்ளே போனால் புடவைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். 'ம்ம்ம்' என்று ஒரே சத்தம், நிற்காமல். கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே கண்ணை மூடி நின்றால் ஒரு ரீங்காரம் கேட்குமே, எனக்கு அப்படித்தான் இருக்கும். அந்த அறையைத் துடைக்கிற பத்து நிமிஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மெஷினின் முன்பக்கம் இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. கறுப்பாக, அகலமாக, பித்தளைத் தாம்பாளம் வைக்கிற பெட்டி உயரம் இருக்கும். இடது ஓரத்தில் ஒரு வட்டப் பொத்தான், அதைச் சுற்றிப் பச்சை வெளிச்சம். அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பொத்தான். நடுவில் வரிசையாக ஆறு பெட்டிகள், இழுப்பறை மாதிரி. ஒவ்வொரு பெட்டியிலும் கடுகளவு பச்சை விளக்கு. அது விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருக்கும். வெளியே யாரோ ஒருவருக்குப் படம் எடுக்கிறார்கள் என்றால் ஆறும் சேர்ந்து படபடவென்று மின்னும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த மெஷினைப் பராமரித்து வந்த ஒரு தம்பி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "பச்சையா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்மா. சிவப்பு எரிஞ்சா மட்டும் ஓடி வந்து சொல்லுங்க." அவர் பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். தினம் துடைக்கும்போது ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பேன். சிவப்பு இல்லை. "தாயே, இன்னிக்கும் நல்லபடியா ஓட்டிடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் சென்டரில் அதை விமரிசையாகச் செய்வார்கள். முதல் நாளே எல்லா மெஷினையும் துடைத்து, எடை பார்க்கிற மெஷின் முதல் லிஃப்ட் கதவு வரை சந்தனம் குங்குமம். பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல், வாசலில் பூசணிக்காய். மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டு, "சர்வர் ரூமுக்கு மட்டும் நீங்களே போய் வெச்சிடுங்கம்மா. மத்தவங்க போனா எதையாவது அமுக்கி வெச்சிடுவாங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

குங்குமக் கிண்ணத்தோடு உள்ளே போனேன். பார்த்தால், மூன்றாவது பெட்டியில் மஞ்சளாக ஒரு விளக்கு. அதுவரை அங்கே அப்படி ஒரு விளக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பூஜை நாள், காலை வேளை, மஞ்சள் நிறம். சிவப்பு என்றால் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள், மஞ்சளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நம் வீட்டில் மஞ்சளைவிட மங்களம் வேறு என்ன இருக்கிறது? அம்பாளே வந்து மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, அந்த மூன்றாவது பெட்டியின் ஓரமாக, விளக்கு மறையாமல், பெரிய பொட்டாக வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் மட்டும் சொன்னேன். இவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்கு டிராஃபிக் சிக்னலைப் பார்த்தாலும் சாமிதான்" என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். மற்ற மெஷின்களில் வைத்த பொட்டையெல்லாம் துடைத்துவிட்டோம். இதை மட்டும் நான் துடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை புதிதாக வைத்தேன். தினம் காலையில் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் விளக்குமாற்றைத் தொடுவேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். கவுண்டரில் கசமுசா என்று சத்தம். எந்தக் கம்ப்யூட்டரிலும் படம் வரவில்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மேனேஜர் சார் ஓட்டமாக ஓடி வந்து, நான் சர்வர் அறையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். எல்லா விளக்கும் அணைந்தது. அந்த 'ம்ம்ம்' நின்றுபோனது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது நின்று நான் கேட்டதில்லை. மறுபடி அழுத்தினார். பெரிய சத்தத்தோடு கிளம்பியது, ஆனால் படம் வரவில்லை. இப்போது மூன்றாவது பெட்டியோடு ஐந்தாவது பெட்டியிலும் மஞ்சள் விளக்கு. கூடவே 'பீப் பீப்' என்று விடாமல் ஒரு ஒலி.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மஞ்சள் என்றால் நல்லது இல்லையோ என்று.

சார் போன் பண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தக் குங்குமத்தை முதல்ல தொடைங்கம்மா. வர்றவங்க பார்த்தா, பொடி உள்ள போய்த்தான் கெட்டுச்சுன்னு நம்ம தலையில கட்டிடுவாங்க." நான் ஈரத்துணியால் துடைத்தேன். என் குங்குமம்தான் உள்ளே போய்க் கெடுத்துவிட்டது என்றே நம்பினேன்.

வெளியே கூடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவர். அதற்கு முன்னால் இரண்டு தடவை எங்களிடம் படம் எடுக்க வந்திருக்கிறார், என்னோடு நல்ல பழக்கம். ஈரலில் ஒரு கட்டி. மறுநாள் காலை அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபரேஷன் வைத்திருந்தார்கள். ஆனால் பெரிய டாக்டர், போன வருஷம் எடுத்த படமும் ஆறு மாசத்துக்கு முன் எடுத்த படமும் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அறுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம்.

"உங்க கையில குடுத்த படம் இருக்குமே" என்று கேட்டேன்.

"எங்க கீது? போன மழைல ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு இல்ல, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. இன்னா ஆயா, உள்ளாற பொட்டி படுத்துகிச்சாமே?"

"ஆள் வருது. சரி பண்ணிடுவாங்க."

"மூஞ்சப் பார்த்தா எனுக்குக் கட்டியா ஒனுக்குக் கட்டியான்னு தெர்ல. போ, ஒன் அம்மனாண்ட சொல்லு. நான் எங்க மாதாவாண்ட சொல்லிட்டேன். ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அவர் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதன் காதை முறுக்குவதும் பிரிப்பதுமாக அவர் விரல்கள் மட்டும் சும்மா இல்லை.

பதினோரு மணிக்கு தி.நகரிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், காட்டன் சுடிதார், முதுகில் பை. கம்ப்யூட்டர் சரி பண்ண ஒரு பெண்பிள்ளை வருவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அறைக்குள் போய் மெஷினுக்கு முன்னால் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றையும் தொடவில்லை. விளக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மடிக்கணினியை இணைத்து என்னென்னவோ பார்த்தார். தனியாக நகல் எடுத்து வைக்கிற பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். அது மூன்று மாசமாக ரிப்பேர் என்று சார் மென்று விழுங்கினார். எச்சரிக்கைச் செய்தி யாருக்குப் போகிறது என்று கேட்டார். பார்த்தால், வேலையை விட்டுப் போன அந்தத் தம்பியின், எப்போதோ மூடிவிட்ட மெயிலுக்கே இன்னும் போய்க்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்று மெஷின் தனக்குள்ளேயே குறித்து வைக்குமாம். அந்த இடமும் நிரம்பிப் போய், பல மாசமாகப் புதிதாக ஒன்றும் பதியவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் சார்" என்றார் அந்த அம்மா. "மூணு, அஞ்சு. இதுல எது முதல்ல போச்சு?"

"ரெண்டும் இன்னிக்குத்தான் மேடம், ஒண்ணா" என்றார் சார்.

"இருக்காது. ஒண்ணு போனாலும் இது ஓடிக்கிட்டே இருக்கும், வெளியில யாருக்கும் தெரியாது. ரெண்டாவது போனப்பத்தான் நின்னிருக்கு." சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "மார்கழி பஜனை கோஷ்டின்னு வெச்சுக்குங்க. ஆறு பேர் பாடறாங்க. ஒருத்தர் எழுந்து போனா மத்தவங்க சமாளிச்சுடுவாங்க. ரெண்டாவது ஆளும் போனா பாட்டு நின்னுடும். இப்ப நான் ஒருத்தரைத் திருப்பிக் கூப்பிடணும். கடைசியா எழுந்து போனவரைக் கூப்பிட்டா விட்ட இடத்துலேர்ந்து பாடுவார். முன்னாடியே போனவரைக் கூப்பிட்டா, அவருக்கு நடுவுல என்ன பாடினாங்கன்னே தெரியாது. பழைய பாட்டைப் பாடி மத்தவங்களையும் கெடுத்துடுவார். அப்புறம் இருக்கிறதும் கலைஞ்சிடும்."

"குத்துமதிப்பா ஒண்ணைப் பண்ணிப் பாருங்களேன் மேடம்."

"குத்துமதிப்பாப் பண்ண இது என்ன ரசமா சார்? எத்தனை பேரோட படம் உள்ள இருக்கு."

நான் கதவோரம் துணியும் வாளியுமாக நின்றிருந்தேன். எனக்குத் தெரியும். அந்தக் கட்டிடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சொன்னால், பன்னிரண்டு நாள் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்பதும் வெளியே வரும். பொட்டு வைத்தது வரும். சார் துடைக்கச் சொன்னது வரும். வேலை போகும். இவருக்குக் கண் ஆபரேஷன் ஆன சமயம், வீடு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சுவாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இரண்டு நிமிஷம் ஊமையாக நின்றேன். அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தேன்.

வெளியே அந்த மீன்கார அம்மா யாருக்கோ போனில் சொல்வது காதில் விழுந்தது. "படம் இன்னும் குட்க்கலடா. நீ கஞ்சியக் குட்ச்சிட்டு படு. அம்மா வந்துடறேன்."

"மூணாவதும்மா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "மூணாவது பெட்டிதான் முதல்ல மஞ்சளா எரிஞ்சுது. ஆயுத பூஜை அன்னிக்குக் காலையிலேயே. நான் அது நல்லதுன்னு நெனச்சு பொட்டு வெச்சுக் கும்பிட்டேன். அஞ்சாவது நேத்து வரைக்கும் பச்சைதாம்மா. தினம் ஆறையும் பார்ப்பேன்."

சார் என்னை முறைத்த முறைப்பை இன்னும் மறக்கவில்லை. அந்த அம்மா கேட்டார். "உறுதியாத் தெரியுமாம்மா? மூணாவதா, நாலாவதா?"

"என் கையால பொட்டு வெச்சேம்மா. இப்பத்தான் துடைச்சேன்."

அவர் போனில் டார்ச்சைப் போட்டு மூன்றாவது பெட்டியின் அருகில் குனிந்தார். சல்லடை மாதிரி இருந்த இடுக்கில், ஈரத்துணிக்கு எட்டாமல், நூல் அளவுக்குக் குங்குமம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். ஐந்தாவது பெட்டியை எழுப்பினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த அபிராமி அந்தாதிப் பாட்டெல்லாம் நடுவில் அறுந்து அறுந்து வந்தது. முதலில் 'பீப்' நின்றது. பிறகு ஐந்தாவது பெட்டியில் மஞ்சள் போய், பச்சை ஒருதரம் மின்னியது. நின்றது. மறுபடி மின்னியது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் மின்ன ஆரம்பித்தன. கவுண்டரிலிருந்து யாரோ, "சார், வருது" என்று குரல் கொடுத்தார்கள்.

"முதல்ல யாருக்கு அவசரமோ அவங்க படத்தை எடுத்துக் குடுங்க" என்றார் அந்த அம்மா. "அப்புறம் மொத்தத்தையும் நகல் எடுத்துடலாம். இது எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது." அரை மணியில் அந்த மீன்கார அம்மாவின் இரண்டு படங்களும் சிடியில் அவர் கைக்கு வந்துவிட்டன. அதை மஞ்சப்பையில் போட்டு, முந்தானையால் இன்னொரு சுற்றுச் சுற்றி, ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, அதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் நான் அந்தக் கம்ப்யூட்டர் அம்மாவிடம் போய், "என் குங்குமத்தாலதான் கெட்டுதாம்மா?" என்று கேட்டேன்.

"குங்குமம் ஒண்ணும் பண்ணலைம்மா. அதுக்கு வயசாயிடுச்சு, போச்சு. உங்ககிட்ட சிவப்புன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்களே, அது எங்க ஆளுங்க பண்ண தப்பு. இங்க வாங்க, உக்காருங்க."

என்னையும் தரையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பச்சை மின்னினால் வேலை செய்கிறது. அசையாமல் எரிந்தால் சும்மா இருக்கிறது. மஞ்சளோ ஆரஞ்சோ எந்த இடத்தில் வந்தாலும் ஏதோ உடம்பு சரியில்லை, அன்றே சொல்ல வேண்டும். ஓரத்துச் சின்னப் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார். நான் பயந்துகொண்டே அழுத்தினேன். நீலமாக ஒரு விளக்கு கண் சிமிட்டியது. "பின்பக்கம் போய்ப் பாருங்க" என்றார். அங்கேயும் அதே நீலம். நிறைய மெஷின் இருக்கிற இடத்தில், பின்னால் நிற்கிறவருக்கு 'இந்த மெஷின்தான்' என்று காட்டுவதற்காம். வேறு ஒன்றும் ஆகாது. மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். நான் மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன்.

"இந்த வட்டப் பொத்தான் மேல மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது" என்றார். "அழுத்திப் பிடிச்சா தூங்க வைக்கிறது இல்லை, கழுத்தை நெரிக்கிறது." வாசலில் நின்றிருந்த மேனேஜர் சார் போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார்.

எனக்கு வேலை போகவில்லை. சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே அந்த அறைக் கதவில் ஒரு அட்டையைக் கொண்டுவந்து ஒட்டினார். நான் சொல்லச் சொல்ல விளக்குகளின் விவரத்தை அவர் கையெழுத்தில் எழுதினார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

அந்த மீன்கார அம்மாவுக்குக் கட்டி வளரவில்லையாம். அறுக்க வேண்டாம், ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாழை இலையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். "வஞ்சிரம். ஒனுக்குத்தான்." வெள்ளிக்கிழமை, நான் அதைத் தொடக்கூட மாட்டேன் என்று சொன்னதும், "ஒன் வூட்டுக்காரர் துன்னுவாரு இல்ல? அவருக்குக் குடு. நீ மோந்துக்க" என்றார்.

இப்போது அந்த சென்டர் இல்லை. அந்த இடத்தில் துணிக்கடை வந்துவிட்டது. முழங்கால் வலியால் நானும் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. படமெல்லாம் இப்போது எங்கேயோ தூரத்தில் சேர்த்து வைக்கிறார்களாம், மெஷின் கண்ணிலேயே படாதாம். வெயில் நாளில் மத்தியானம் படுத்திருக்கும்போது அந்த அறையின் குளிர் ஞாபகத்துக்கு வரும். ஆறு பச்சை விளக்கும் படபடவென்று மின்னுவது தெரியும். வெளியே யாரையோ மூச்சை அடக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஏன் எழுத வந்தேன் என்றால், போன நவராத்திரியில் எங்கள் தெருவில் ஒரு மாமி வீட்டுக்குக் கொலுவுக்குப் போயிருந்தேன். அங்கே அவர் பத்து பேரை வைத்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். "ஒரு ஸ்கேன் சென்டர்ல அம்பாளே மஞ்சள் ஜோதியா மெஷின்ல வந்து உக்காந்துண்டு, அத்தனை பேர் படத்தையும் காப்பாத்திட்டாளாம். எங்காத்துக்கு வேலைக்கு வர்றவ சொன்னா." எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யார் மூலம் போயிற்றோ, எப்படி மாறியதோ தெரியாது. நான் வாயைத் திறக்காமல் சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுபடியும் ஊமையாக நின்றுவிட்டேனே என்று இருந்தது.

அம்பாள் அற்புதம் செய்வாள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அன்று எரிந்தது ஜோதி இல்லை, ஒரு மெஷின் தன் நோவைச் சொன்ன விளக்கு. அதைப் பார்த்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பன்னிரண்டு நாள் கும்பிட்டுக்கொண்டிருந்தவள் நான். தெரிந்ததைச் சொல்ல இரண்டு நிமிஷம் தயங்கியவளும் நான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொன்னால் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள், என் தப்பை விட்டுவிடாதீர்கள். அன்று அம்பாள் எனக்குச் செய்த அருள் என் வாயைத் திறக்க வைத்ததுதான் என்று நான் நம்புகிறேன், அதற்கு மேல் வேறு அற்புதம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.